ஓட்டிப் பார்க்காமல் வாங்கிய வண்டி

ராகு காலம் முடிய இன்னும் ஒரு மணி நேரமும் பத்து நிமிஷமும் இருந்தன. வண்டி பத்தடி தூரத்தில் சிவப்பு சாட்டின் துணியைப் போர்த்திக்கொண்டு நின்றது. எழுந்து போய் அந்தத் துணியின் ஓரத்தை ஒரு சாண் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று தணிகாசலத்துக்கு இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் இது என்ன பறப்பு என்றும் இருந்தது. காஞ்சிபுரத்தில் ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தும் வழியெல்லாம் நெரிசலில் ஊர்ந்து, ஷோரூமின் கண்ணாடிக் கதவைத் தள்ளும்போது மணி பத்து முப்பத்தெட்டு. வெள்ளிக்கிழமை. பத்தரைக்கே ராகு வந்து உட்கார்ந்துவிட்டார். மனைவி புனிதவதி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், சோபாவில் போய்ச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். "பன்னெண்டு அடிக்கட்டும். அப்புறம் சாவியை வாங்கிக்கலாம்" என்றாள். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் மணியடித்தால்தான் வகுப்பை விடுவேன் என்று இருந்தவள், ராகுவுக்கு மட்டும் எட்டு நிமிஷம் தள்ளுபடி கொடுப்பாளா? விற்பனை மேலாளர் ஜெரால்டு, கழுத்தில் டை, கையில் கோப்பு, முகம் முழுக்கச் சிரிப்பு, "தாராளமா வெயிட் பண்ணுங்கம்மா, நம்ம ஷோரூம்ல பாதிப் பேர் இப்படித்தான்" என்று சொல்லிக் காபி வரவழைத்தார். அவர் சொன்னதில் 'தாராளமா' மட்டும் தணிகாசலத்தின் காதில் தெளிவாக விழுந்தது. மீதியை உதட்டைப் பார்த்து நிரப்பிக்கொண்டார். இதில் அவர் இப்போது நல்ல தேர்ச்சி பெற்றிருந்தார். காபி கொண்டுவந்த பெண்ணின் மெல்லிய குரலைத்தான் நிரப்ப முடியவில்லை. சர்க்கரை போடவா என்று கேட்டாளோ, வேண்டாமா என்று கேட்டாளோ, எதற்கும் இருக்கட்டும் என்று தலையை ஆட்டி வைத்தார். மூன்று ஸ்பூன் விழுந்தது.

துணிக்கு அடியில் இருந்த வண்டியின் நிறத்துக்கு நிறுவனக்காரர்கள் என்னவோ பெரிய பெயர் வைத்திருந்தார்கள், அவருக்கு அது இலந்தைப்பழச் சிவப்பு. நன்றாகப் பழுத்து, உச்சியில் மட்டும் கொஞ்சம் கறுத்து, வாயில் போட்டுக்கொள்ளத் தூண்டும் சிவப்பு. மூன்று வாரத்துக்கு முன்னால் பஸ்ஸில் போகும்போது இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் அது நின்றதைப் பார்த்துவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்தார். இரண்டே கதவு, இரண்டே சீட்டு. தரையோடு தரையாக இருந்தது, ஆனால் பதுங்கவில்லை, தெனாவட்டாக நின்றது. பின் சக்கரத்துக்கு மேலே தகடு புடைத்து எழுந்து, ஒரு இடத்தில்கூட மடிப்பு விழாமல் அப்படியே வழிந்து பின்விளக்கில் போய் அடங்கியது. அதை அழுத்தி எடுத்த அச்சைச் செய்தவன் எவனோ, அவன் கையில் முத்தம் கொடுக்க வேண்டும். கதவுக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் கட்டைவிரல் நகத்தை வைத்து மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தார். முப்பத்தொரு வருஷத்துப் பழக்கம், நகம் எங்கே இறுகுகிறது எங்கே தளர்கிறது என்று அதுவாகவே சொல்லிவிடும். எங்கேயும் இறுகவில்லை, தளரவும் இல்லை. பெயின்டைச் சாய்வாகப் பார்த்தார், ஆரஞ்சுத் தோல் மாதிரிப் பொரிப்பொரியாக இருக்கிறதா என்று. குளத்துத் தண்ணீர் மாதிரி இருந்தது, அதில் அவர் மூக்குகூட நேராகத் தெரிந்தது. கதவைத் திறந்து மூடினார். தொம் என்றது. அடிவயிற்றிலிருந்து வரும் சத்தம் அது, கனமாக, ஒரே தடவை. அது அவருக்குக் கேட்டது. அப்படியே அசந்துபோய் இன்னொரு தடவை திறந்து மூடினார், இன்னொரு தடவை, ஜெரால்டு வந்து நிற்கிற வரைக்கும். "ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறீங்களா சார்?" என்று அவர் கேட்டபோது, கை கதவை விட்டுச் சட்டென்று பின்வாங்கியது. "தேவையில்லைங்க. எடுத்துக்கறேன்" என்று வாய் தானாகவே சொல்லிவிட்டது.

அதைத்தான் இப்போது ஜெரால்டு புனிதவதியிடம் சொல்லிக்கொண்டிருந்தார், நான்காவது தடவை இருக்கும். "பதினெட்டு வருஷமா இந்த லைன்ல இருக்கேன்மா. ஸ்கூட்டர் வாங்கறவங்ககூட ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துதான் பேசுவாங்க. நானா மூணு வாட்டி போன் பண்ணேன், சார் ஓட்டிப் பாருங்க, ஓட்டிப் பாருங்கன்னு. வேணாம்னுட்டார். எனக்கு வண்டியைத் தெரியும்னுட்டார். உடம்பே சிலிர்த்துப் போச்சும்மா." அவர் கொஞ்சம் உரக்கப் பேசுகிறவர், புண்ணியவான். புனிதவதி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "இவர் யார்னு நினைச்சீங்க? கார் கம்பெனியில முப்பத்தொரு வருஷம் டெஸ்ட் டிரைவர். லைன்லேர்ந்து இறங்கற வண்டியெல்லாம் இவர் ஓட்டிப் பார்த்து சரின்னு சொன்னாத்தான் வெளிய போகும். அங்க இவருக்குப் பேரே காதுதான்" என்றாள். ஜெரால்டு நிஜமாகவே கையைக் கூப்பினார். காது. தணிகாசலம் காபியைக் குடித்தார், பாயசமாக இருந்தது. ஒருநாள் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெளியே ஒரு வண்டி கடந்து போனது. பின் சீட்டுக்கு அடியில் ஒரு நட்டு விழுந்து கிடக்கிறது, எடுங்கள் என்று சோற்றில் கை வைத்தபடியே சொன்னார். போய்ப் பார்த்தார்கள். கிடந்தது. அன்றைக்கு வைத்த பேர். வண்டிக்கு எட்டு நிமிஷம். கல் பாவின ரோடு, அலை அலையான ரோடு, வேகத்தடை, சடாரென்று பிரேக், திரும்பி வந்தால் சோதனைச் சீட்டில் எழுதியிருப்பார்: இடது கதவின் உள்பக்கம் மூன்றாவது கிளிப். கிளிப்பைக் கழற்றிப் பார்த்தால் உடைந்திருக்கும். ஒவ்வொரு வண்டியும் குறையோடுதான் வந்தது, குறையைத் தேடித்தான் அவர் ஏறினார். எத்தனை ஆயிரம் வண்டி, ஒன்றையாவது அனுபவித்து ஓட்டியிருக்கிறாரா? அதனால்தான் இந்த ஒன்றையாவது சோதிக்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அதுதான் காரணம். அது உண்மையும்கூட. அப்படியானால் ஜெரால்டு கேட்டதும் கை ஏன் பின்வாங்கியது?

வீட்டில் கொசு இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அதிலிருந்துதான் தொடங்கியதோ என்னவோ. பரவாயில்லையே, நகராட்சிக்காரர்கள் மருந்தடிக்கிறார்கள் போலிருக்கிறதே என்று இரண்டு மழைக்காலம் மனசாரப் பாராட்டினார், காலையில் எழுந்தால் கையெல்லாம் தடிப்பு. பிறகு பால் குக்கர். அது வாய் கிழியக் கத்திக்கொண்டிருக்க அவர் பக்கத்தில் நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேஸை அணைக்கக்கூட உடம்பு வணங்காதா என்று கேட்டாள் புனிதவதி, ஏதோ யோசனை என்றார். ராத்திரிப் பூச்சிகளின் சத்தம் போனது. மிக்ஸி ஓட்டம் முடியும்போது மேலே போகுமே ஒரு சன்னமான இழை, அது போனது. கனமான சத்தமெல்லாம் பத்திரமாக இருந்தது, லாரி, இடி, மேளம், ஜெரால்டு. மேலே இருக்கிற மெல்லிசுகள்தான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டன. ஒரு வண்டி டீலரிடமிருந்து திரும்பி வந்தது, டேஷ்போர்டில் கீச்சுச் சத்தம் என்று. தேறியது என்று அவர் கையெழுத்து. சூப்பர்வைசரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டினார். அந்த ஆள் பல் கூசுகிற மாதிரி முகத்தைச் சுளித்தார். தணிகாசலத்துக்கு டேஷ்போர்டு கோயில் மாதிரி அமைதியாக இருந்தது. அதற்கப்புறம் பத்து மாதம் சர்வீஸ் இருந்தது. அந்தப் பத்து மாதமும் அவருடைய வண்டி ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. காது திரும்பிவிட்டது என்றே நம்பினார். ஒருநாள் மத்தியானம் மறந்து வைத்த கண்ணாடியை எடுக்க டிராக் பக்கம் போனால், காலையில் அவர் சரி என்று அனுப்பிய வெள்ளை வண்டியை மகிமைதாஸ் மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தான். கூட வேலை பார்க்கிறவன், ஆறு வயசு சின்னவன். மறுநாளும் போய்ப் பார்த்தார். அடுத்த நாளும். சாப்பாட்டு இடைவேளையில் எல்லாரும் இலையை மடிக்கிற நேரத்துக்கு அவன் ஆறே நிமிஷத்தில் விழுங்கிவிட்டு வந்து, அவருடைய வண்டிகளைச் சிலதை அப்போதும் மிச்சத்தை வேலை நேரம் முடிந்த பிறகுமாகச் சுற்றிவிட்டு வந்து, அவர் எழுதாமல் விட்டதை அவருடைய சோதனைச் சீட்டிலேயே அவர் கையெழுத்து மாதிரி எழுதி வைத்திருக்கிறான். எப்பேர்ப்பட்ட மனுஷன்! சிரித்த முகம் மாறாமல், மூச்சு விடாமல், பத்து மாதம். பிரிவு உபசார விழாவில் சால்வை போட்டவனும் அவன்தான், எங்கள் காது எங்களை விட்டுப் போகிறது என்று மைக்கில் பேசினவனும் அவன்தான். இவர் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. சொன்னால் இரண்டு பேருக்கும் தெரியும் என்று ஆகிவிடும்.

பதினொன்று இருபது. கடிகாரத்தையும் ராகு பிடித்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. புனிதவதி கொண்டுவந்த இனிப்பு டப்பாவைத் திறந்து ஷோரூமில் இருந்த எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, கடைசியாக அவருக்கு ஒரு பாதுஷாவைக் கையில் வைத்தாள். இவளிடம் சொல்லிவிட்டால் என்ன? இங்கேயே, இப்போதே, புனிதா, எனக்குக் காது சரியில்லை, மூன்றே வார்த்தை, காபி குடிக்கிற நேரத்தில் தீர்ந்துவிடும். வாயைத் திறந்தார். பாதுஷாவைக் கடித்துவிட்டார். எப்படிச் சொல்வது? ஓய்வு பெற்ற இந்த ஐந்து மாதமாக அவள் தங்கையிடம், எதிர்வீட்டில், கீரைக்காரம்மாவிடம்கூடச் சொல்லிக்கொண்டிருக்கிறாளே, எங்க வீட்டுக்காரர் இப்பத்தான் தங்கமான மனுஷனாயிட்டார், ஒரு குறை சொல்றதில்லை என்று. முன்னால் அவரோடு குடும்பம் நடத்தியது அவளுக்கு லேசுப்பட்ட காரியமாக இருந்ததில்லை. ஃபேன் சத்தம் போடுகிறது, பீரோ கதவு முனகுகிறது, உன் வலது கால் மெட்டி தரையில் இழுபடுகிறது, கிரைண்டரில் ஒரு கல் தேய்ந்துவிட்டது, கேட்கிறதா, கேட்கவில்லை, எப்படிக் கேட்காமல் இருக்கும், காதை என்ன அடகு வைத்திருக்கிறாயா. பெண் பார்க்கப் போன அன்றைக்கே அவர் பெண்ணைப் பார்க்கவில்லை. கூடத்துக் கதவு திறக்கும்போதெல்லாம் கீல் அழுதது. அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை, பஜ்ஜி இறங்கவில்லை, கொஞ்சம் தேங்காயெண்ணெய் இருக்குமா என்று வருங்கால மாமியாரிடம் கேட்டு வாங்கி, எழுந்து போய்க் கீலுக்கு விட்டுவிட்டு வந்துதான் உட்கார்ந்தார். மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் ஒரு மாதிரியோ என்று உள்ளே பேச்சு வந்தபோது, எனக்குப் பிடிச்சிருக்கு என்று சொன்னவள் புனிதவதி. ஏன் சொன்னாய் என்று அவர் இதுவரை கேட்டதில்லை. நல்ல பெண்மணி. அவர் வண்டியின் படத்தைக் காட்டியதும், ஒரகடம் ரோட்டோரம் அவர் அப்பா விட்டுப்போன மனையை விற்ற பணம் இதற்காகவே என்று முடிவு கட்டி, "வாங்கிக்குங்க. முப்பத்தோரு வருஷம் ஊரார் வண்டியை ஓட்டினீங்க இல்ல" என்று சொன்னவள். யார் சொல்வார்கள்? இரண்டே சீட்டு வண்டி, மார்க்கெட்டுக்குப் போனால் ஒரு பை வைக்க இடமில்லை, ஏறும்போது முழங்கால் முகவாயில் இடிக்கும், அதற்கு வாங்கிக்குங்க என்று எந்தப் பெண்டாட்டி சொல்வாள்? அவளுக்குத் தங்கமான மனுஷன் கிடைத்திருக்கிறான். அது தங்கமில்லை, செவிடு என்று பாதுஷா தின்றுகொண்டே எப்படிச் சொல்வது?

"என்ன யோசனை?" என்றாள். "ஒண்ணுமில்ல." "பயமா இருக்கா?" அவர் திடுக்கிட்டார். "எதுக்கு?" "ஓட்டிப் பார்க்காம வாங்கிட்டோமேன்னு." அவள் குரலைத் தாழ்த்திப் பேசினாள், அவர் உதட்டைப் பார்த்தார், பார்ப்பது தெரியாமல் பார்த்தார். "எனக்கு அதுதாங்க ரொம்பப் பிடிச்சிருக்கு. எதையுமே நீங்க சோதிச்சுப் பார்க்காம ஏத்துக்கிட்டதில்ல. என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்." சொல்லிவிட்டு வெட்கப்பட்டவள் மாதிரி டப்பாவை மூடினாள். இப்போது சொல்லாவிட்டால் இனிமேல் சொல்லவே முடியாது என்று அவருக்குத் தெரிந்தது, சொல்லவில்லை. ஆசைப்பட்டு வாங்கினாரா, பயந்து வாங்கினாரா? ஓட்டிப் பார்த்திருந்தால் பக்கத்தில் ஜெரால்டு உட்கார்ந்திருப்பார், வண்டியில் ஏதாவது சின்னதாகச் சத்தம் வந்திருக்கும், ஜெரால்டு கேட்டிருப்பார், காது என்று பேர் வாங்கினவர் கேட்டிருக்க மாட்டார். அது பயம். கதவைத் தொம்மென்று மூடினபோது உடம்பு சிலிர்த்தது, அது ஆசை. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முயன்றார், கையில் ஒட்டின பாகு மாதிரி இந்த விரலை விட்டு அந்த விரலில் ஒட்டிக்கொண்டது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

பன்னிரண்டு அடித்ததும் எல்லாம் மளமளவென்று நடந்தது. ஜெரால்டு துணியை இழுத்தார், இலந்தைப்பழம் வெளியே வந்தது, யாரோ கை தட்டினார்கள். அட்டையில் செய்த ஆளுயரச் சாவியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் போட்டோவுக்கு நின்றார்கள். புனிதவதி பானெட்டில் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டாள். வேறு எந்த வண்டியாக இருந்தாலும் அந்தப் பெயின்டின் மேல் சந்தனத்தைப் பார்த்து அவருக்கு உயிரே போயிருக்கும், இன்றைக்குப் போகவில்லை, அழகாகக்கூட இருந்தது. மாலை, கற்பூரம், வாசலில் தேங்காய். நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். சீட்டில் இறங்கி உட்கார்ந்தபோது அது அவர் முதுகை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்துக்கொண்டது, தைத்துப் போட்ட சட்டை மாதிரி. புனிதவதி முதலில் காலை உள்ளே விட்டாள், பிறகு தலையை விட்டாள், நடுவில் மாட்டிக்கொண்டு சிரித்தாள், எப்படியோ வந்து சேர்ந்தாள். பொத்தானை அழுத்தினார். உறுமல் முதலில் உள்ளங்கால் வழியாக வந்தது, பிறகு முதுகெலும்பு வழியாக, கடைசியில்தான் காதுக்கு. என்ன ஒரு குரல்! எந்த அவசரமும் இல்லாத, தன் பலம் தனக்குத் தெரிந்தவன் பேசுகிற குரல். எலுமிச்சம்பழங்கள் நசுங்க வண்டி இறங்கியது.

சர்வீஸ் ரோட்டைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும் இரண்டாவது கியர், மூன்றாவது. கியர் தண்டு உள்ளங்கைக்குள் அதுவாகவே வந்து அதுவாகவே போய் விழுந்தது. ஸ்டீயரிங்கில் நினைத்தால் போதும், திருப்ப வேண்டியதில்லை. மிதித்தார், மார்பில் யாரோ உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளின மாதிரி இருந்தது, மரங்கள் பின்னால் ஓடின. மேடு பள்ளம் வந்தது, உடம்பு பழக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டது, இடது கதவு, டேஷ்போர்டு, கண்ணாடி, சீட்டுக்கு அடியில். ஒன்றுமில்லை. இன்னொரு பள்ளம். ஒன்றுமில்லை. ஒரு முனகல் இல்லை, ஒரு கிளிப் பேசவில்லை. முப்பத்தொரு வருஷத்தில், ஏறி இறங்கின அத்தனை ஆயிரத்தில், குறையே இல்லாத வண்டி இது ஒன்றுதான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷம்தான். சந்தோஷம்தான் என்று இரண்டாவது தடவை சொல்லிக்கொண்டபோதே அது வேறு ஒன்றாக மாறிக்கொண்டிருந்தது. குறையில்லாத வண்டி என்று ஒன்று கிடையாது. அவரைவிட அதை அறிந்தவர் யார்? தேவர்கள் செய்து அனுப்பினாலும் எங்காவது ஒரு கிளிப் முனகும். இனிமேல் அவர் எந்த வண்டியில் ஏறினாலும் இப்படித்தான் இருக்கும், அத்தனை வண்டியும் பரிசுத்தமாக இருக்கும். எவ்வளவு அழகான வண்டி, எவ்வளவு பெரிய அமைதி. பக்கத்தில் புனிதவதி கொஞ்ச நேரமாகத் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க" என்றாள். உரக்கத்தான் சொன்னாள். "கீச்சு கீச்சுன்னு ஒரு சத்தம் வருதே. உங்களுக்குக் கேக்கலை?"

புது வண்டி, அப்படித்தான் இருக்கும், ஓடி ஓடிச் சரியாகிவிடும். வார்த்தைகள் தயாராக வரிசையில் நின்றன. கேட்குது கேட்குது, முதல் சர்வீஸில் பார்த்துக்கலாம். அதுவும் நின்றது. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு முன்னால் ஒரு சத்தத்தைப் பிடித்துவிட்ட பெருமை முகத்தில் தெரிந்தது. சரியா சார், சரியா என்று கேட்கிற முதல் பெஞ்சுப் பிள்ளையின் முகம். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை. இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டினார்.

"எனக்குக் கேக்கலை, புனிதா."

"நின்னுட்டா வராதுங்க. ஓடும்போதுதான்."

"ஓடும்போதும் கேக்கலை. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. சன்னமா வர்ற எதுவுமே கேக்கறதில்லை. நீ மெதுவாப் பேசினாக்கூட உதட்டைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கறேன். அதனாலதான் ஓட்டிப் பார்க்கலை."

ஒரு லாரி கடந்து போனது. வண்டி லேசாக ஆடி நின்றது. அவர் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த மாலையின் ஒரு இதழைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உதட்டைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவள் கை அவர் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பியது. அழுதிருந்தாள், கோபமாகவும் இருந்தாள்.

"ரெண்டு வருஷமா? என்கிட்ட சொல்லாம?"

"நீதான் எல்லார்கிட்டயும் தங்கம் தங்கம்னு சொல்லிட்டிருந்தியே."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சிரிப்பு முந்திக்கொண்டது, சிரிப்பை அடக்கப் போய் மறுபடி அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு பெல்ட்டை இழுத்துத் தளர்த்திக்கொண்டு முன்னால் நகர்ந்து, டேஷ்போர்டில் காதை வைத்து உட்கார்ந்தாள். "ம், எடுங்க. மெதுவாப் போங்க" என்றாள். இரண்டாவது கியரில் வண்டி ஓரமாக நகர்ந்தது. அவள் காது கதவுப் பக்கம் போனது, திரும்பியது, நடுவுக்கு வந்தது, நின்றது. "இங்க. ஏசிக் காத்து வர்ற இடத்துக்கு மேல. இந்த மூலையில." அவர் இடது கையை நீட்டி அவள் விரல் காட்டின இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"நின்னுதா?"

"நின்னுடுச்சு."

விரலை எடுத்தார். "இப்ப?"

"வருது."

மறுபடி அழுத்தினார். உள்ளே இருப்பது என்ன கிளிப், எந்தப் பக்கம் பல் உடைந்திருக்கும் என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது. உடம்பெல்லாம் ஒரு சூடு பரவியது. "இப்ப?"

"இல்ல." அவள் அவர் கையைப் பிடித்து எடுத்து, ஸ்டீயரிங்கில் கொண்டுபோய் வைத்தாள். நன்றாக அவர் முகத்துக்கு நேரே திரும்பி, ஒவ்வொரு சொல்லாக, உதடு தெரியச் சொன்னாள். "ரோட்டைப் பாருங்க. அது பாட்டுக்கு வரட்டும். நான் கேட்டுக்கறேன்."